பழைய மணியா, ஜப்பான் மணியா? ஒரு நாவல் பிரதி திருந்திய கதை

டீச்சர் தான் எழுதிய நாவல் என்று என்னிடம் கொடுத்த முதல் பிரதி 412 பக்கம், 40 அத்தியாயம். ஒற்றைப்படை எண் போட்டதெல்லாம் போர்க்காலம், இரட்டைப்படை எல்லாம் பேத்தியின் காலம். என்னையும் சேர்த்து மூன்று பேர் படித்தோம். மூவரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே காரியத்தைச் செய்திருந்தோம்: பத்தாவது அத்தியாயம் தாண்டியதும் இரட்டைப்படை அத்தியாயங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, போர்க்காலத்தை மட்டும் ஒரே மூச்சில் படித்து முடித்தோம்.

இரண்டு காலத்தில் ஓடும் நாவலுக்கு இதைவிடப் பெரிய நோய் கிடையாது. பாதிப் புத்தகம் படிக்கப்படவே இல்லை. அந்தப் பாதி ஏன் செத்துக் கிடந்தது, பிறகு எப்படி உயிர் வந்தது என்பதைத்தான் டீச்சரின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். குடும்ப ரகசியத்தை வைத்து நாவல் எழுத நினைப்பவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

முதல் பிரதியின் கதை

மலாயாவில் (இன்றைய மலேசியா) பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த 1942-இல் மாரியாயிக்கு வயது 17. பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இளைஞன் ஒருவனை விரும்புகிறாள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். மறு வருடம் ஜப்பானியர் அவனைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அப்போது அவள் கர்ப்பிணி. அவன் திரும்பவே இல்லை. தோட்டத்து அலுவலகக் கணக்கரான கிராணிக்கு அவள் மீது ஒரு கண். சயாம் பட்டியலில் அவன் பெயரை வேண்டுமென்றே எழுதியவர் அவர்தான். பிறகு அவரே அவளைக் கட்டிக்கொள்கிறார். 2019-இல் பேத்தி ஒரு பழைய டிரங்குப் பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே 14 கடிதங்கள். படிக்கிறாள், அழுகிறாள். உண்மையைத் தேட உதவும் ஆய்வாளர் ஒருவரோடு அவளுக்கும் காதல் வருகிறது.

படிக்கும்போதே எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? பெட்டி, கடிதக் கட்டு, வில்லன், பேத்திக்கும் ஒரு காதல். வேறு நாடுகளின் போர்க்கதைகளில் இருந்து வந்த சாமான்கள் இவை. டீச்சர் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பால்மரக் காட்டின் வாசனையிலிருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துச் சத்தம் வரை எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் கதையின் எலும்பை மட்டும் வெளியே கடன் வாங்கியிருந்தார்.

கடிதம் எங்கிருந்து வந்தது?

நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். "டீச்சர், இந்த 14 கடிதத்தை யார் எழுதியது? எந்தத் தபாலில் வந்தது?"

சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். சயாமில் பான் போங் பக்கம் தொடங்கி பர்மாவில் தன்பியூசயாத் வரை. 1942 நடுவில் வேலையை ஆரம்பித்து, 1943 அக்டோபர் 17-ஆம் தேதி இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் அந்தக் கைதிகளைப்போல் மூன்று மடங்கு, அதற்கும் மேல் என்கிறார்கள். அதில் மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000 பேருக்கு மேல், பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். முதலில் மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்), சாப்பாடு இலவசம் என்று ஆசை காட்டினார்கள். போனவன் திரும்பவில்லை என்றதும் ஆள் வருவது நின்றது. அப்புறம் இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிவந்து கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள். அங்கிருந்து சரக்கு ரயில் பெட்டியில் பான் போங். 1943 மே, ஜூன் மழையில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள்.

வெள்ளைக்காரக் கைதிகளுக்காவது அவர்களின் படை அதிகாரிகளும் மருத்துவர்களும் கூட இருந்தார்கள். யார் எப்போது இறந்தான் என்று ரகசியமாகக் குறிப்பு எழுதி ஒளித்து வைத்தார்கள். அதனால்தான் ரயில் பாதை ஓரத்துச் சயாம் ஊரான காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. தோட்டத்திலிருந்து போனவனுக்கு அப்படிக் குறிப்பெழுத யாரும் இல்லை. அவனிடமிருந்து வீட்டுக்குக் கடிதம் வரவும் வழியில்லை. வந்திருந்தாலும் மாரியாயிக்குப் படிக்கத் தெரியாது என்று டீச்சரே மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தார்.

டீச்சர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்போ கடிதமே இல்லைன்னா, பேத்திக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றார்.

நாவல் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன். கடிதம் வராததுதான் இந்தக் கதையின் சோகம். 14 கடிதம் எழுதி வைத்தால் அந்தச் சோகத்தையே அழித்துவிடுகிறோம். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல், எந்த நாளில் திதி கொடுப்பது என்று தெரியாமல் எத்தனை பெண்கள் இருந்தார்கள்! ஒரு செய்தி வந்திருந்தால் அழுதாவது முடித்திருப்பார்கள்.

கிராணி

கிராணியைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. இத்தனை ஆள் அனுப்ப வேண்டும் என்று தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு வந்தது. பெயர் எழுதிக் கொடுத்த கிராணிகளும் கங்காணிகளும் உண்டு. அதில் வேண்டியவன் வேண்டாதவன் பார்த்தவர்களும் உண்டுதான். ஆனால் கதையின் மொத்தப் பழியையும் ஒருவரின் ஆசை மீது ஏற்றினால், பல்லாயிரம் பேரைத் தின்ற ஏற்பாடு ஒரு தனிப்பட்ட தகராறாகச் சுருங்கிவிடுகிறது. வில்லனை எடுத்துவிடுங்கள் என்றேன். மாரியாயியை மணந்தவர் பக்கத்து அறைக்காரர், அவரும் பால்மரம் சீவுகிறவர், காலில் புண் இருந்ததால் லாரியில் ஏறாமல் தப்பியவர் என்று டீச்சர் மாற்றினார். மரவள்ளிக்கிழங்கு கிடைத்த நாளில் பாதியை அவள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர். பேத்தி 'தாத்தா' என்று கூப்பிட்டு வளர்ந்தது இவரைத்தான்.

பேத்தியின் காதலை முழுதாக வெட்டினோம். 60 பக்கம் போனது. யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

வயதுக் கணக்கு

1925-இல் பிறந்தவளுக்கு 2019-இல் 94 வயது. முதல் பிரதியில் பாட்டி படியேறி வந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்! இரண்டு கால நாவல் எழுதுகிற பலரும் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள். நிகழ்காலம் என்றால் நாம் எழுதுகிற வருடம்தான் என்று கை தானாக எழுதிவிடுகிறது.

நிகழ்காலத்தை 1997-க்கு இழுத்தோம். பாட்டிக்கு 72, மகனுக்கு 53, பேத்திக்கு 26. இதனால் ஒரு பெரிய லாபம். பாட்டி உயிரோடு, நல்ல நினைவோடு, அதே வீட்டில் இருக்கிறார். கேட்டால் பதில் சொல்ல முடியும். ஆனால் சொல்லமாட்டார். செத்துப்போன பாட்டியின் ரகசியத்தைப் பெட்டியில் தேடுவதை விட, எதிரே உட்கார்ந்து கீரை ஆயும் பாட்டியின் ரகசியம் எவ்வளவோ கனமானது.

யாருக்கு எப்போது தெரியும்?

இவ்வளவு செய்தும் இரட்டைப்படை அத்தியாயங்கள் முழுதாக எழுந்து நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அட்டை ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டோம். இடது ஓரத்தில் கதையின் ஒவ்வொரு உண்மையும். மேலே ஐந்து பெயர்: வாசகர், பாட்டி, தாத்தா, மகன், பேத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த உண்மை அவருக்கு எந்த அத்தியாயத்தில் தெரிய வருகிறது என்று எண் போட வேண்டும்.

முதல் வரியிலேயே நோய் அகப்பட்டது. 'மகனைப் பெற்றவர் தாத்தா இல்லை' என்ற உண்மை வாசகருக்கு ஏழாம் அத்தியாயத்தில் தெரிகிறது. பேத்திக்கு 32-இல். நடுவில் 25 அத்தியாயம், நமக்குத் தெரிந்ததை அவள் கண்டுபிடிக்கட்டும் என்று நாம் காத்திருக்கிறோம். புரட்டித் தள்ளாமல் என்ன செய்வோம்?

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. உண்மையை வாசகரிடமிருந்தும் மறைக்கலாம். அப்படியானால் மாரியாயியின் கர்ப்பத்தையே மறைக்க வேண்டும், அவள் கதையைச் சொல்லிக்கொண்டே அவள் மனதில் இருப்பதை ஒளிக்க வேண்டும். அது வாசகரை ஏமாற்றுவது, எனக்குப் பிடிக்காது. இன்னொரு வழி, கேள்வியை மாற்றுவது. 'என்ன நடந்தது' என்று வாசகரைக் காக்கவைக்காமல், 'இதை இவ்வளவு காலம் யார் யாருக்காகக் காவல் காத்தார்கள்' என்று கேட்கவைப்பது. ரகசியம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் காவல்காரர் ஒருவர் இருக்கிறார். தினமும் காலையில் எழுந்து அந்தக் காவலைச் செய்கிறார். அதற்காக ஏதோ ஒன்றை இழக்கிறார். அந்த ஆள் பக்கத்தில் இல்லாத அத்தியாயத்தில் ரகசியம் வெறும் புதிர்தான்.

அட்டையை நிரப்பிக்கொண்டே வந்தபோது ஓர் இடத்தில் டீச்சர் பேனாவைத் தூக்கிவிட்டார். முதல் பிரதியில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது: 1945 கடைசியில் சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் தோட்டத்துக்கு வருகிறார், தாத்தாவிடம் ஏதோ பேசிவிட்டுப் போகிறார். என்ன பேசினார் என்று எங்கும் இல்லை. "சண்டை முடிஞ்சப்ப உங்க ஆளு உசுரோடதான் இருந்தான், எழுந்து நடக்கத்தான் முடியலன்னு சொல்லியிருப்பாருண்ணே" என்றார் டீச்சர். அதை அவர் அந்த நிமிடம்தான் கண்டுபிடித்தார் என்பது முகத்தில் தெரிந்தது. தாத்தா அதை அவளிடம் சொல்லவில்லை. இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு, 1947-இல் அவளைக் கேட்கிறார்.

சரி, பாட்டிக்குத் தெரியுமா? அந்தக் கட்டத்தில் என்ன எண் போடுவது?

டீச்சர் வெகுநேரம் யோசித்துவிட்டு, வாசகருக்குப் போட்ட அதே எண்ணைப் பாட்டிக்கும் போட்டார். வந்தவர் பேசியது குழாயடியில். மறுபக்கம் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டது. அவளும் இரண்டு வருடம் காத்திருந்தாள். பிறகு சரி என்றாள், அவருக்குத் தெரியும் என்பது தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமலே. 49 வருடம் ஒரே கூரையின் கீழ், ஒரே ரகசியத்தை இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் காத்தார்கள். 1996-இல் தாத்தா இறக்கும்வரை.

நாவலின் இரண்டாவது காதல் இதுதான். முதல் காதல் ஒரு வருடம். இது அரை நூற்றாண்டு. அந்த ஒரு கட்டம் நிரம்பியதும் நிகழ்கால அத்தியாயங்களில் பாட்டி உட்காரும் விதமே மாறிவிட்டது.

கடிகாரம்

இரண்டு காலத்தையும் எதை வைத்துத் தைப்பது என்பது அடுத்த சிக்கல். ஓர் அத்தியாயத்தைத் திடுக்கென்று நிறுத்தி அடுத்த காலத்துக்குத் தாவுவது சுலபம். பத்து முறை செய்தால் வாசகருக்கு எரிச்சல் வந்துவிடும்.

எனக்கு ஒரு பிழை கண்ணில் பட்டிருந்தது. 1943-இல் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முடியாது. ஜப்பானியர் வந்ததும் மலாயாக் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பினார்கள், ஒன்றரை மணி நேரம் முன்னால். எட்டு மணிக்கு மேல்தான் விடியும். இதைச் சொன்னதும் டீச்சர் வரியைத் திருத்துவார் என்று நினைத்தேன். அவர் அதிலிருந்து ஒரு காதலையே எழுதிவிட்டார். அந்த இருவரும் பழைய மணியை விடுவதில்லை. சந்திக்கும் நேரம் குறிக்கும்போதெல்லாம் அவன் கேட்பான், "பழைய மணியா, ஜப்பான் மணியா?" அவர்கள் இருவருக்கு மட்டும் நாள் வேறு நேரத்தில் ஓடியது.

இதற்கு இணையாகப் பேத்தியின் சிறுவயதில் ஒன்று தற்செயலாகவே கிடைத்தது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி, தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் வைத்தார்கள், சபா, சரவாக்கோடு ஒன்றாக்க. எனக்கே நினைவிருக்கிறது. அன்று பேத்திக்குப் பதினொரு வயது. அப்பா நாற்காலி போட்டுச் சுவர்க் கடிகாரத்தை இறக்குகிறார். எப்போதும் எதற்கும் குரல் உயர்த்தாத பாட்டி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். "அதத் தொடாத. இருந்தபடி இருக்கட்டும்." ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. தாத்தா மட்டும் எழுந்து போய், "விடு, அம்மா ரூமுக்கு அது இருக்கட்டும், நாம வேற வாங்கிக்கலாம்" என்கிறார்.

நாவலின் புது முதல் அத்தியாயம் இதுதான். போர் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஆனால் தாத்தாவுக்குத் தெரியும் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. முழுவதும் படித்து முடித்தவர் திரும்ப வந்து பார்த்தால்தான் தெரியும்.

பெயர்

கடிதங்களை எடுத்த இடத்தில் என்ன வைப்பது? தோட்டத்து மக்களின் ரகசியங்கள் பெரும்பாலும் அரசாங்கத் தாளில்தான் அகப்படும். மகன் 1943 நவம்பரில் பிறந்தான். தோட்டத்து அலுவலகத்தில் கிராணி பதிந்து கொடுத்த பிறப்புப் பத்திரத்தில் வருடம் 2603 என்று இருக்கிறது. ஜப்பானியர் தங்கள் பேரரசுக் கணக்கில் 1943-ஐ அப்படித்தான் எழுதினார்கள். தகப்பன் பெயர் உண்மையான தகப்பனுடையது. பிறகு 1948-இல், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் வந்து, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படமும் கைரேகையும் கொடுத்து அடையாள அட்டை எடுக்க வேண்டியதாயிற்று. மாரியாயி கணவர் என்று தாத்தாவின் பெயரைக் கொடுத்தாள். பையன் பள்ளியில் சேர்ந்ததும் அந்தப் பெயரோடுதான்.

1997-இல் மகன், இறந்துபோன தன் அப்பாவுக்கு ராமேஸ்வரத்தில் திதி கொடுக்க ஆசைப்படுகிறார். அதற்கு பாஸ்போர்ட் வேண்டும். அதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். பேத்தி அதைத் தேடி எடுக்கிறாள். அங்கே 2603 என்ற புரியாத வருடம், யாரென்றே தெரியாத தகப்பன் பெயர். அப்பாவுக்குக் கடன் செய்யக் கிளம்பிய பயணமே அந்த அப்பா யார் என்ற கேள்வியைக் கிளப்பிவிடுகிறது.

பேத்தி பாட்டியிடம் கேட்கும் காட்சியை டீச்சர் ஆறு முறை எழுதினார். முதல் ஐந்திலும் பாட்டி உட்கார்ந்து முழுக்கதையையும் சொன்னார். ஐந்தும் பொய்யாக இருந்தன. 50 வருடம் காத்தவர் ஒரு பிற்பகலில் கொட்டிவிடமாட்டார். ஆறாவது பிரதியில் பாட்டி ஒன்றுமே சொல்வதில்லை. பேத்தி பத்திரத்தை நீட்டி, "இது என்ன பேரு பாட்டி?" என்கிறாள். "எழுதியிருக்குல்ல, படி." "எனக்குச் சரியாத் தெரியல. நீங்க சொல்லுங்க." பாட்டி கீரைத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். லயத்தில் இருந்த அத்தனை பேர் பெயரையும் மடமடவென்று சொல்லக்கூடியவர். அவர் வாயால் சொல்லிக் கேட்டே இராத பெயர் ஒன்றே ஒன்றுதான், தாத்தாவின் பெயர். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது. பேத்தி இன்னொரு முறை கேட்க வாய் திறக்கிறாள். அப்புறம் புரிந்துபோய் மூடிக்கொள்கிறாள்.

இதைப் படித்த அன்று நான் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ரகசியத்தைக் காத்த அதே வழக்கம்தான் அதை உடைத்தும் காட்டுகிறது. இதை எந்தப் பெட்டியிலிருந்தும் எடுத்திருக்க முடியாது.

இப்போது பிரதி 31 அத்தியாயம், 290 பக்கம். காலங்கள் மாறி மாறி வருவதில்லை. 1943-இன் நான்கு அத்தியாயங்கள் சேர்ந்தே ஓடுகின்றன, நிகழ்காலம் சில இடங்களில் ஒன்றரைப் பக்கத்தோடு சரி. புதிதாக இருவருக்குப் படிக்கக் கொடுத்தோம். யாரும் தாண்டிப் போகவில்லை.

கடைசிப் பக்கம் பற்றி மட்டும் எனக்கும் டீச்சருக்கும் சண்டை. அக்னி தீர்த்தக் கரையில் ஐயர் மகனிடம் தகப்பனார் பெயரைக் கேட்கிறார். அங்கேயே நிறுத்திவிடலாம் என்றேன். "இல்லண்ணே. பாட்டியால சொல்ல முடியாது. இவராவது சொல்லணும்" என்றார் டீச்சர். ஒரு வாரம் பேசவே இல்லை. பிறகு எழுதி அனுப்பினார். மகன் இரண்டு பெயர் சொல்கிறார். ஐயர் நிமிர்ந்து ஒருமுறை பார்க்கிறார். ஒன்றும் கேட்காமல், இலையில் இன்னொரு பிண்டம் பிடித்து வைக்கிறார்.